பக்கப் பலகையைக் கழற்றினால் மட்டும் குளிரும் கிராபிக்ஸ் கார்டு

கேள்வி: விளையாட்டு தொடங்கிய சற்று நேரத்தில் கார்டு 84 டிகிரி செல்சியஸைத் தொடுகிறது, ஹாட்ஸ்பாட் (சிப்பில் மிகச் சூடான இடம்) 97. விசிறிகளின் அலறல் தாங்கவில்லை. பக்கப் பலகையைக் கழற்றினால் 75-க்கு இறங்குகிறது. கேபினட்டின் (கணினிப் பெட்டியின்) முகப்பு முழுக்கக் கண்ணாடி, பின்னால் ஒரே ஒரு விசிறி. தெர்மல் பேஸ்ட்டை (சிப்பின் சூட்டைக் குளிர்விப்பானுக்குக் கடத்தும் பசையை) மாற்ற வேண்டுமா?

பதில் 1: பேஸ்ட்டைத் தொடாதீர்கள். இரண்டு அளவுகளுக்கும் 13 டிகிரிதான் வித்தியாசம், அது இயல்பானதே. கேபினட்டுக்குத்தான் மூச்சு முட்டுகிறது. முன்பக்கம் இரண்டு 140 மி.மீ. விசிறிகளைக் காற்றை உள்ளிழுக்கும்படி பொருத்துங்கள். விசிறியில் குறுக்குச் சட்டம் தெரியும் பக்கம்தான் பொதுவாகக் காற்று வெளியேறும் பக்கம். இதைத் தலைகீழாக மாட்டிவிட்டு விசிறியைத் திட்டுபவர்கள் ஏராளம்! கண்ணாடியின் ஓரத்தில் போதிய இடைவெளி இல்லையென்றால் எத்தனை விசிறி வைத்தும் பயனில்லை. வலை முகப்புள்ள கேபினட்தான் வழி.

பதில் 2: அதற்குமுன் பவர் லிமிட்டை (கார்டு இழுக்கும் மின்சாரத்தின் உச்சவரம்பை) கொஞ்சம் குறைத்துப் பாருங்கள், செலவில்லை. தூசி ஊதும்போது விசிறி இறக்கை சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்: பவர் லிமிட்டை 85 சதவீதமாக்கினேன், 79-இல் நிற்கிறது. விளையாட்டின் வேகம் குறைந்ததாகத் தெரியவில்லை. கண்ணாடிக்குப் பின்னிருந்த தூசி வடிகட்டி கம்பளி போல அடைத்திருந்தது, கழுவிக் காயவைத்திருக்கிறேன். விசிறிகளும் வாங்கப் போகிறேன்.