‘மெட்ரோவுக்கு அஞ்சு நிமிஷ நடை’: திருவொற்றியூர் மேற்குப் பக்கம் வீடு பாக்குறவங்க படிங்க

மாணிக்கம்நகர் குடித்தனம்:
நேத்து இங்க ஒருத்தர் எழுதியிருந்தார்: “திருவொற்றியூர் மேற்கு, புது பில்டிங், லிஃப்ட், கார் பார்க்கிங், ரெண்டு பெட்ரூம். மெட்ரோவுக்கு அஞ்சு நிமிஷ நடை. யோசிக்காம அட்வான்ஸ் குடுத்துடுங்க.” படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. மெட்ரோ போறது திருவொற்றியூர் ஹைரோட்டு மேல. வீடு இருக்கறது தண்டவாளத்துக்கு மேக்கால. நடுவுல கும்மிடிப்பூண்டி லைன். அதைத் தாண்டணும்னா ரயில்வே கேட்டு, இல்லன்னா சுரங்கப்பாதை. அஞ்சு நிமிஷம் யாருக்கு? காக்காவுக்கா?

தேரடிக்காரன்:
எழுதினது நான்தான். மேப்புல பார்த்துட்டுதான் போட்டேன். அந்த மொட்டை மாடியில நின்னா ஸ்டேஷன் கண்ணுக்குத் தெரியுது. பொறந்து வளர்ந்த ஊரு, எனக்கு நீங்க வழி சொல்ல வேணாம்.

மாணிக்கம்நகர் குடித்தனம்:
மாடியில இருந்து தெரியும்தான். புது வண்ணாரப்பேட்டையில இருந்தே லைன் தூண் மேல போகுது, எங்க இருந்தும் தெரியும். தெரியுறதும் நடந்து போறதும் ஒண்ணா சார்? காலைல கேட்டுல நின்னு பாருங்க. கூட்ஸ் ஒண்ணு நகருது, பெட்டி முடியவே மாட்டேங்குது. அது போச்சுன்னு பைக்கை எல்லாம் ஸ்டார்ட் பண்ணுவாங்க, அதுக்குள்ள எதிர்ப்பக்கம் எலெக்ட்ரிக் ட்ரெயின் வருதுன்னு கம்பி ஏறாது. ஸ்கூல் பையனுங்க பையைத் தலைல வச்சிக்கிட்டு கம்பிக்கு அடியில குனிஞ்சு ஓடுறானுங்க. பார்க்கவே வயித்தைக் கலக்குது. இதையும் சேர்த்து அஞ்சு நிமிஷமா?

ராயபுரம் அக்கா:
மழைக்கால நிலைமையையும் சொல்லுங்கப்பா. மாணிக்கம் நகர் சுரங்கப்பாதையில ஒரு நல்ல மழைக்கே தண்ணி நிக்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்போ நாங்க பட்டது எங்களுக்குத்தான் தெரியும்.

தேரடிக்காரன்:
அக்கா, புயலுக்கு வேளச்சேரியும்தான் முங்குச்சு. வட சென்னைன்னா மட்டும் எல்லாருக்கும் வாய் நீளுது. 2021 பிப்ரவரியில விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ விட்டாங்க. மறு வருஷம் தேரடி ஸ்டேஷனும் திறந்தாச்சு. அதுக்கு முன்னாடி கிண்டிக்குப் போக எவ்ளோ பாடுன்னு ஞாபகம் இருக்கா? இப்ப ஏறி உட்கார்ந்தா நேரா ஏர்போர்ட். அதைப் பேச ஒருத்தருக்கும் மனசு வரல.

பெருங்குடி வாசி:
மெட்ரோ சரி சார். மணலி பக்கத்துல இருந்து ராத்திரி வர்ற நாத்தத்துக்கு அந்த புது பில்டிங்ல என்ன வசதி?

தேரடிக்காரன்:
வந்துட்டாரு. குப்பைக் கிடங்கைப் பக்கத்துல வச்சிக்கிட்டு எங்க ஊரு நாத்தத்தைப் பேசுறாரு. போன தடவை தண்ணி லாரி விஷயத்துலயும் நீங்கதான் எங்களை மட்டம் தட்டினீங்க. நான் மறக்கல.

மாணிக்கம்நகர் குடித்தனம்:
பேச்சை மாத்தாதீங்க. அஞ்சு நிமிஷம் எங்க இருந்து எங்க வரைக்கும்? அதைச் சொல்லுங்க முதல்ல.

வீட்டு ஓனர்:
கேட்டு வேணாம்னா திருவொற்றியூர் ரயில்வே ஸ்டேஷன் இருக்கே. அஞ்சு ரூபா டிக்கெட். மெட்ரோவுல கம்மி டிக்கெட்டே பத்து ரூபா. குடித்தனக்காரங்களுக்கு எதுலயும் திருப்தி கிடையாது.

மாணிக்கம்நகர் குடித்தனம்:
அப்ப விளம்பரத்துல ரயில்வே ஸ்டேஷன்னு போடுங்க. மெட்ரோ பேரைச் சொல்லித்தானே வாடகையை ஏத்துறீங்க? அதோட பத்து மாச அட்வான்ஸ் வேற. காலி பண்ணும்போது பெயின்ட்டுக்குன்னு ஒரு மாச வாடகையைப் பிடிச்சுக்கறது. 2017 வாடகைச் சட்டத்துல மூணு மாசத்துக்கு மேல வாங்கக்கூடாதுன்னு இருக்கு.

வீட்டு ஓனர்:
முழுசா படிங்க தம்பி. ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதிக்கிட்டா அது செல்லும்னும் அதே இடத்துல இருக்கு. கையெழுத்து போட்டுட்டு அப்புறம் சட்டம் பேசக்கூடாது.

மாணிக்கம்நகர் குடித்தனம்:
கையெழுத்து போடலன்னா சாவி குடுப்பீங்களா? வேற வழியில்லாமதான் போடுறோம். எத்தனை ஓனர் ஒப்பந்தத்தைப் பதிவு பண்றாங்க, அதைச் சொல்லுங்க. பதினொரு மாசத்துக்கு ஒரு பேப்பர், அதோட சரி.

வீட்டு ஓனர்:
லோன் கட்டுறது நான். லிஃப்ட்டுக்குப் பொது மீட்டர் பில்லு வந்தா ஆளாளுக்கு முகத்தைத் திருப்பிக்கிறீங்க. மூணு மாச அட்வான்ஸை வாங்கிட்டு, வாடகை நின்னுபோனா நான் எங்க போறது?

ராயபுரம் அக்கா:
அட்வான்ஸ் சண்டையை வேற இடத்துல வச்சிக்கோங்க. எங்க பொண்ணுக்கு அந்தப் பக்கம்தான் வீடு பார்க்கிறோம். வேலை முடிஞ்சு ராத்திரி பத்து மணிக்கு மேல வருவா. அந்த சுரங்கப்பாதையில லைட்டு எரியுதா? தனியா வரலாமா? அதைச் சொல்லுங்க.

தேரடிக்காரன்:
எங்க ஊருல பொண்ணுங்களுக்கு என்னக்கா பயம்? தைரியமா வரச் சொல்லுங்க. அஞ்சு நிமிஷ நடைதான்.

மாணிக்கம்நகர் குடித்தனம்:
மறுபடியும் அஞ்சு நிமிஷம்! அந்தக்கா லைட்டைப் பத்தி கேக்குறாங்க, நீங்க ஊர்ப் பெருமை பேசுறீங்க. அக்கா, லைட்டு ஒரு நாள் எரியும், ஒரு நாள் எரியாது. தண்ணி வடிஞ்சப்புறமும் சேறு கிடக்கும், சுவர்ல இடுப்பு உயரத்துக்குக் கறை இருக்கும். அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி பொண்ணையே கூட்டிக்கிட்டு ராத்திரில ஒரு தடவை ஸ்டேஷன்ல இருந்து வீடு வரைக்கும் நடந்து பாருங்க. கிழக்கால, ஹைரோட்டுப் பக்கமே கிடைச்சா, பில்டிங் பழசா இருந்தாலும் அதை எடுங்க.

தேரடிக்காரன்:
பார்த்தீங்களா, பழைய பில்டிங்காம். இவர் பேச்சைக் கேட்டா எங்க பக்கம் ஒருத்தரும் குடி வர மாட்டாங்க. கேட்டு திறந்திருந்தா அஞ்சு நிமிஷம்தான், எங்க வேணா சொல்லுவேன்.

மாணிக்கம்நகர் குடித்தனம்:
‘கேட்டு திறந்திருந்தா’. அதை விளம்பரத்துலயும் சேர்த்துப் போடுங்க சார்.

தேரடிக்காரன்:
போட மாட்டேன்.