பீடோங் பெரிய குடும்பம்

பெரிய மாமா: 📷 கோயில் கூரையைப் பிரித்தபோது கழற்றிய உத்திரம். தலைவர் 1880 என்கிறார், தோட்டக் கணக்கெழுதிய கிராணியார் மகன் 1912 என்கிறார். தேவி, கார்பன் சோதனை செய்தால் வருடம் தெரியுமாமே?

தேவி: ஒரே வருடம் என்று சொல்லாது மாமா. இத்தனையிலிருந்து இத்தனை வரை என்று ஒரு காலப்பகுதிதான் வரும்.

சின்ன அத்தை: அப்புறம் வைக்கிங்குகள் கனடாவில் 1021இல் மரம் வெட்டினார்கள் என்று எப்படிச் சொன்னார்கள்?

தேவி: அது சூரியப் புயல் செய்த புண்ணியம் அத்தை! 993இல் சூரியத் துகள்கள் குவிந்து, கார்பன் சோதனையில் அளக்கிற கதிரியக்கக் கார்பனான கார்பன்-14 காற்றில் திடீரென்று கூடியது. அந்த வருட வளையத்தில் எந்த நாட்டு மரமானாலும் அது பதிந்திருக்கும். நியூஃபவுண்ட்லாந்தின் லான்ஸ் ஓ மெடோஸில் கிடைத்த கட்டைகளில் அந்த வளையத்தைப் பிடித்து, பட்டை வரை 28 வளையங்கள் எண்ணினார்கள்.

முரளி: 993 + 28. கணக்கு சரி லா 😄

தேவி: இப்படிப்பட்ட திடீர் ஏற்றத்தை முதலில் கண்டவர் ஜப்பானின் ஃபுசா மியாகே. யாகுஷிமா தீவு மரங்களில் 774–775இல் 1.2 சதவீத ஏற்றம் இருப்பதை 2012இல் வெளியிட்டார். சின்ன எண்தான், ஆனால் வழக்கமான ஏற்ற இறக்கத்தைப் போல 20 மடங்கு!

பெரிய மாமா: 1859இல்கூடப் பெரிய புயல் வந்ததாமே. நம் உத்திரத்தில் அதைத் தேடலாமா?

தேவி: அந்தப் புயல் தந்திக் கம்பிகளைத்தான் படுத்தியது மாமா, மர வளையங்களில் அப்படி ஏற்றம் காணவில்லை. படத்தைப் பார்த்தால் உத்திரத்தை நான்கு பக்கமும் செதுக்கிவிட்டார்கள், பட்டையே இல்லை. பட்டை இல்லாமல் வெட்டிய வருடம் வராது. அதோடு குளிர்காலமே இல்லாத நம் மலேசியாவில் பல மரங்கள் வருடத்துக்கு ஒரு வளையம் என்று ஒழுங்காகப் போடுவதில்லை.

முரளி: எண்ணெய் எடுக்கும் செம்பனை?

தேவி: அதற்கு வளையமே கிடையாது டா.

சின்ன அத்தை: கீழடிக்கு மட்டும் கிமு 6ஆம் நூற்றாண்டு என்றார்களே?

தேவி: அதுவும் கார்பன் சோதனைதான் அத்தை. ஆனால் கார்பன் அளவை வருடமாக மாற்றும் வரைபடம் கிமு 800 முதல் 400 வரை தட்டையாகக் கிடக்கிறது, வருடங்களைப் பிரிப்பது பெரிய தலைவலி. நல்லவேளையாக கிமு 660 வாக்கில் ஒரு புயல் ஏற்றம் இருக்கிறது. அந்தக் காலத்துக் கட்டை ஒன்று வளையங்களோடு எங்காவது தமிழ்நாட்டில் கிடைத்தால் நான் முதல் விமானத்தில் போய்விடுவேன்!

பெரிய மாமா: சரி, எனக்குத் தோட்டத் தொழிலாளர் பெயர்ப் பதிவான பழைய செக்ரோல் புத்தகம்தான் கதி. கிராணியார் வீட்டில் கேட்கிறேன்.

முரளி: மாமா, உத்திரம் இன்னும் என் லாரியில் கிடக்கிறது. எங்கே இறக்குவது?