கிளட்ச் ஆயில் ஒழுகுகிறது, 34,000 ரூபாய் கேட்கிறார்கள்

வேளச்சேரிவாசி:
2013 மாடல் டீசல் கார், 92,000 கி.மீ. ஓடியிருக்கிறது. திங்கள் காலை கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போது கிளட்ச் பெடல் அப்படியே கீழே போய்விட்டது, மேலே வரவே இல்லை. ஷூ நுனியால் பெடலைத் தூக்கித் தூக்கி மிதித்து ஒருவழியாக ஓரம் கட்டினேன். பின் சீட்டில் அம்மா. உயிரே போய்விட்டது எனக்கு.

பிரேக் ஆயில் டப்பாவில் அளவு 'MIN' (குறைந்தபட்சம்) கோட்டுக்குக் கீழே. ஊற்ற ஊற்ற இறங்குகிறது. சர்வீஸ் சென்டரில் கிளட்ச் செட், மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுவது), ஸ்லேவ் சிலிண்டர் (அந்த ஆயில் அழுத்தத்தில் கிளட்ச்சை விலக்குவது) எல்லாம் மாற்ற 34,000 என்றார்கள். தெருமுனை மெக்கானிக் 19,000. இரண்டு பேருமே எங்கே ஒழுகுகிறது என்று குனிந்துகூடப் பார்க்கவில்லை. அம்மாவுக்கு வாரம் இரண்டு நாள் பிசியோதெரபி, வண்டி இல்லாமல் முடியாது. என்ன செய்யலாம்?

பெரம்பூர் பெரியவர்:
தம்பி, முதலில் வண்டியை எடுக்காதீங்க. நிறைய கார்களில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே டப்பாதான், ஆயில் இறங்கினால் பிரேக்கும் பிடிக்காமல் போகலாம். அப்புறம், டிரைவர் பக்கக் கால்மிதியை எடுத்துவிட்டு, கிளட்ச் பெடலிலிருந்து கம்பி உள்ளே நுழையும் இடத்தை விரலால் தடவிப் பாருங்க. ஈரம் இருந்தால் மாஸ்டர் சிலிண்டர். காய்ந்திருந்தால் ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரிச்சு வைங்க. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு நேர் கீழே சொட்டியிருந்தால் ஸ்லேவாக இருக்கலாம். ஆனால் கருப்பாகக் கெட்டியாக இருந்தால் அது எஞ்சின் ஆயில், வேறு கோளாறு. பிரேக் ஆயில் தண்ணீர் மாதிரி ஓடும். பெயிண்டில் பட்டால் அரித்துவிடும், உடனே கழுவிடுங்க.

அம்பத்தூர் டீசல்:
ஸ்லேவ் சிலிண்டர் வெளியே இருக்கும் மாடலா, கியர்பாக்ஸுக்கு உள்ளேயா என்று கேளுங்கள் சார். உள்ளே என்றால் கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும், கூலிதான் அதிகம். அப்படி இறக்கினால் கிளட்ச் பிளேட் தேய்மானத்தையும் பார்த்துவிடுங்கள். தேய்ந்திருந்தால் அப்போதே மாற்றினால் கூலி ஒரே தடவையோடு போகும். பழைய சிலிண்டர் மட்டும் வாங்கவே வாங்காதீர்கள், உள்ளே ரப்பர் சீல் எந்த நிலைமையில் இருக்கும் என்று தெரியாது. உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் புதிதாகப் பில்லோடு வாங்குங்கள்.

வேளச்சேரிவாசி:
பெரியவர் ஐயா, விரல் வைத்ததுமே ஈரம். கார்பெட்டுக்கு அடியில் பஞ்சு சொதசொத என்று ஊறிக் கிடக்கிறது. மாஸ்டர் சிலிண்டர்தான்! ஜி.பி. ரோட்டில் புதுசு 2,600. வேறு மெக்கானிக் வீட்டுக்கே வந்து மாற்றி, ஆயில் குழாயில் இருந்த ஏரை (காற்றை) வெளியே எடுத்து, டாட் 4 வகை பிரேக் ஆயில் ஊற்றினார். எல்லாம் சேர்த்து 4,300. பழையதைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன், சீல் ஓரம் பிய்ந்திருந்தது. இன்று அம்மாவைக் கூட்டிப்போய் வந்தேன், பெடல் நன்றாக இருக்கிறது. கார்பெட் வாடைதான் போகவில்லை, சோப்புத் தண்ணீர் போதுமா ஐயா?