பண்ணைக் கணக்கை இணையத்தில் ஏற்றலாமா?

குடமுருட்டி:
வணக்கம். நன்னிலம் பக்கம் ஒரு பழைய பண்ணை வீட்டை இடிக்கிறார்கள். பரணிலிருந்து இரண்டு தகரப்பெட்டி இறங்கியது. உள்ளே 1920களிலிருந்து 1950கள் வரை எழுதிய நெல் கணக்கு, குத்தகைச் சீட்டு, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, ஒரு கட்டு ஓலை. வீட்டுக்காரர், "வேணும்னா எடுத்துக்குங்க தம்பி, இல்லாட்டி பழைய பேப்பர்காரருக்குப் போட்டுடுவேன்" என்றார். மூன்று பேர் உட்கார்ந்து நான்கு நாளில் எல்லாவற்றையும் படம் எடுத்துவிட்டோம்.

ஒன்றுவிடாமல் பொதுவில் ஏற்றிவிடலாம் என்பது என் எண்ணம். 1998 பொங்கலன்று, பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டம் தொடங்கியது. ஊர் ஊராக இருந்த தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுத்ததால்தான் நூல் வாங்க வசதியில்லாத என்னைப் போன்றவர்கள் பழைய இலக்கியத்தைப் படித்தோம். டெல்டாவின் வரலாற்றுக்கும் அப்படி ஒரு திறந்த காப்பகம் வேண்டும். 2018 நவம்பர் 16 கஜா புயலில் கூரையோடு காகிதமும் போன வீடுகளைப் பார்த்தவன் நான். இன்னும் காத்திருக்க முடியாது.

ஓடம்போக்கி:
தோழர், நெல் கணக்குன்னு ஒரு வார்த்தையில முடிச்சிட்டீங்க. அதுல யார் பேரு இருக்குன்னு பாத்தீங்களா? எங்க தாத்தா பண்ணையாளா இருந்தவரு. அந்தக் கணக்குல எங்க ஆளுங்க பேரை எப்படி எழுதியிருப்பாங்கன்னு எனக்குத் தெரியும். சாதிப் பேரு முன்னால, அப்பன் பேரு கிடையாது, பக்கத்துல இத்தனை கலம் கடன். 1952ல பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வர்ற வரைக்கும் அந்தக் கடன்தான் எங்களைக் கட்டிப்போட்ட கயிறு. அதை நீங்க இணையத்துல ஏத்தினா, நாளைக்கு எம் பொண்ணு ஊர்ப் பேரைத் தேடினாலும் அதுதான் முதல்ல வந்து நிக்கும். பெட்டியைக் குடுத்தது வீட்டுக்காரரு. கணக்குல இருக்கறது நாங்க. எங்ககிட்ட யாரு கேட்டா?

குடமுருட்டி:
நீங்கள் சொல்வது உறைக்கிறது. ஆனாலும் எதிர்ப்பக்கத்தையும் யோசியுங்கள் அக்கா. இந்தப் பேரேட்டை மூடிவைத்தால் யாருக்கு லாபம்? ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை மரக்கால் அளந்தார்கள், அறுப்புக் காலத்தில் என்ன கொடுத்தார்கள், எதற்குப் பிடித்துக்கொண்டார்கள் என்பதெல்லாம் பண்ணைக்காரர் கையாலேயே எழுதிய சாட்சி. அரசாங்கத்தின் நிலவரி ஏடுகளில் பட்டாதாரர் பெயர் இருக்கும், சேற்றில் நின்றவர் பெயர் இருக்காது. உங்கள் தாத்தா பெயர் பதிவாகியிருக்கும் ஒரே காகிதம் இதுவாகவும் இருக்கலாம்.

அரசலாறு:
கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். ஓலைச்சுவடிகளைப் படியெடுக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன். திறப்பதா பூட்டுவதா என்று பேசுகிறீர்கள். தம்பி, உங்கள் கையில் இருப்பது இன்னும் காப்பகம் ஆகவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன் போட்ட எண்தானே கோப்பின் பெயர்? எந்தப் படம் எந்தப் பெட்டி, எந்தக் கட்டு, கட்டில் எத்தனையாவது தாள் என்று எழுதிவைத்தீர்களா? சீட்டுகளைக் கலைத்துவிட்டுப் பிறகு அடுக்கினால் கணக்குப்பிள்ளை வைத்த வரிசை திரும்ப வராது. ஒரு குத்தகைச் சீட்டு எந்த வருடத்துப் பேரேட்டுக்குள் செருகியிருந்தது என்பதே பாதிச் செய்தி.

அடுத்தது எழுத்து. டெல்டா கணக்கு முழுக்கப் பின்னக் குறிகள். மா என்றால் இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று. ஒரு வேலி நிலத்துக்கு இருபது மா என்பதே அந்தக் கணக்குதான். இந்தக் குறிகளுக்குக் கணினி எழுத்துத் தரமான யூனிகோடில் இடம் கிடைத்ததே 2019ல். அதுவரை ஒரு பேரேட்டை உள்ளபடி தட்டச்சு செய்யவே வழியில்லாமல் இருந்தது. ஓலையில் இன்னும் சிக்கல். புள்ளி வைக்க மாட்டார்கள், ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலவே இருக்கும், எகரமா ஏகாரமா என்பதை இடம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எந்த மென்பொருளிடமும் இதைக் கொடுத்துவிட்டு உட்கார முடியாது.

ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் பதவியை 1980ல் ஒழித்தார்கள். ஒழித்தது சரிதான், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தக் கையெழுத்தைப் பழகியவர்களில் அன்றைக்கு முப்பது வயதாக இருந்தவருக்கே இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. உண்மையான அவசரம் அங்கேதான். தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் மராட்டியர் காலத்து ஆவணங்கள், மராத்தியை எழுதும் மோடி எழுத்தில், கட்டுக்கட்டாக இருந்தன. தமிழ்ப் பல்கலைக்கழகம் அவற்றிலிருந்து தமிழாக்கி அச்சிட்ட பிறகுதான் மோடி தெரியாத நாம் அந்த அரண்மனை வரவுசெலவைப் படிக்க முடிந்தது. வெறும் படமாக இருந்திருந்தால் இன்றைக்கும் அது நமக்குக் கோடுதான்.

கோரையாறு:
நானும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தகப்பனார் வைத்திருந்த வைத்தியச் சுவடி ஏழு கட்டு. சுமார் முப்பது வருடம் முன்பு ஒருவர் வந்தார். படியெடுத்துவிட்டு ஒரு மாதத்தில் தருகிறேன் என்று வாங்கிப் போனார். வரவேயில்லை. சென்ற வருடம் பேரன் ஒரு தளத்தில் காட்டினான். கட்டுச்சட்டத்தில் என் அப்பா செதுக்கிய குறியை வைத்து அடையாளம் கண்டேன். அடியில் "தனியார் சேகரிப்பு" என்று மட்டும் போட்டிருந்தது. ஊர்ப் பெயர் இல்லை, அப்பா பெயர் இல்லை.

நாகப்பட்டினத்தில் இருந்த சூடாமணி புத்த விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்ததைச் சொல்லும் இருபத்தொரு செப்பேடுகள் ஹாலந்துக்குப் போயின. இன்றும் பலர் அவற்றை லெய்டன் செப்பேடு என்றுதான் சொல்கிறார்கள். போய்ச் சேர்ந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. நான் ஆனைமங்கலம் செப்பேடு என்றுதான் சொல்வேன்.

அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்காக 2004 முதல் பிரிட்டிஷ் நூலகம் நடத்தும் திட்டத்தில் மூலம் அந்தந்த நாட்டிலேயே இருக்க வேண்டும் என்பது விதி. என்னைக் கேட்டால் அந்தந்த வீட்டிலேயே, முடியாவிட்டால் அந்தந்த ஊரிலேயே இருக்க வேண்டும். ஸ்கேனர் திண்ணைக்கு வரட்டும். சுவடி வாசல்படி தாண்டக் கூடாது.

குடமுருட்டி:
ஐயா, அந்த ஏழு கட்டைப் படிக்கையில் மனசு கனத்துவிட்டது. ஊர்ப் பெயரும் வீட்டுப் பெயரும் இல்லாமல் ஒரு படம்கூடப் போட மாட்டேன். ஆனால் எங்கள் விஷயத்தில் வீடே இடிகிறது, மூலத்தை எங்கே வைப்பது என்று நீங்கள்தான் வழி சொல்ல வேண்டும்.

அரசலாறு ஐயாவுக்கு: முதல் பெட்டியின் வரிசையை எழுதிவைக்கவில்லை, தவறுதான். இரண்டாவது பெட்டியைக் கட்டுக் கட்டாக எடுத்ததால் அதை மீட்டுவிடலாம்.

ஓடம்போக்கி அக்காவுக்கு: படங்களை இப்போதைக்கு ஏற்றவில்லை. ஆனால் பட்டியல் பொதுவில் வந்தாக வேண்டும். இன்ன ஊரில், இன்ன வருடத்துக் கூலிக் கணக்கு, இத்தனை பக்கம் இருக்கிறது என்ற அளவுக்காவது. இருக்கிறது என்றே தெரியாத ஆவணத்தை எந்த ஆராய்ச்சி மாணவரும் கேட்டு வர மாட்டார். அப்படிக் காணாமல் போனால் பண்ணைக்காரர் சொல்லும் பழங்கதைதான் வரலாறாக நிற்கும்.

ஓடம்போக்கி:
பட்டியல் வரட்டும், அதுக்கு நான் குறுக்க நிக்கல. படத்தை யாருக்குக் காட்டறதுங்கறதை நீங்க மூணு பேரும் முடிவு பண்ணக் கூடாது. பல்கலைக்கழகம்னு சொல்லிட்டு வர்றவங்களும் முடிவு பண்ணக் கூடாது. கணக்குல பேரு இருக்கற வீடுகள்லேர்ந்து ஆளு உக்காரணும். உங்களுக்கு அது தாமதம், எங்களுக்கு அதுதான் வேலையோட ஆரம்பம்.

குடமுருட்டி:
குடும்பத்தில் ஒருவர் சம்மதித்து இன்னொருவர் மறுத்தால்? சென்னைக்கும் திருப்பூருக்கும் போனவர்களை எங்கே தேடுவது? இப்படியே போனால் ஐம்பது வருடம் பூட்டிக் கிடக்கும். இதில் உங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஓடம்போக்கி:
கிடந்தா கிடக்கட்டும். பரண்ல எழுபது வருஷம் கிடந்தப்ப யாரும் அவசரப்படல.

தனிமடல்ல ஊர்ப் பேரு கேட்டேன், சொன்னீங்க. எங்க ஊருதான். அம்மாகிட்ட சொன்னேன். கோவப்படுவாங்கன்னு நெனச்சேன். "எங்கப்பா பேரு அதுல எப்படி எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லச் சொல்லு"ன்னாங்க. அதனால நான் ஒத்துக்கிட்டேன்னு அர்த்தமில்ல. மொதல்ல எங்க தெருவுல வச்சுப் படிக்கணும், அப்பறம் பேசலாம்.

அரசலாறு:
நான் வருகிறேன் அம்மா. பழைய கணக்கெழுத்து படிக்கத் தெரிந்த என் நண்பர் ஒருவரையும் அழைத்து வருகிறேன். அவருக்கு எண்பத்து மூன்று வயது, படி ஏற முடியாது.

ஓடம்போக்கி:
படியெல்லாம் இல்லைங்கய்யா, தெரு முனையில வேப்பமரத்தடிதான், நாற்காலி போட்டுடறேன். ஞாயித்துக்கிழமை சாயந்திரம் நாலு மணி, நடவு முடிஞ்சு எல்லாரும் வீட்டுல இருப்பாங்க. தோழர், நீங்க பெருசா பிரிண்ட் எடுத்துட்டு வாங்க. போன்ல காட்டினா அம்மாவுக்குக் கண்ணு தெரியாது.