சுண்டுவிரல் மரத்துப்போகுது, மணிக்கட்டும் முழங்கையும் வலிக்குது – வெயிட் தூக்குறதை விட்டுடணுமா?

மோல்மீன் தம்பி:

அண்ணன்மாரே அக்காமாரே வணக்கம். நான் பர்மாவுல மோல்மீன்ல இருக்கேன், பகல்ல அரிசிக்கடை, சாயங்காலம் கரண்ட் இருந்தா ஜிம். கொஞ்ச நாளா வலது கையில பிரச்சனை. படுத்துக்கிட்டு பாரைத் தூக்குற பெஞ்ச் பிரஸ் கடைசி செட்டுல மணிக்கட்டுல சுருக்குன்னு ஒரு வலி, அப்புறம் முழங்கை உள்பக்கம் எலும்பு துருத்திட்டு இருக்குமே அதுக்குப் பின்னாடி எரிச்சல், அங்கேர்ந்து கை ஓரமா இறங்கி சுண்டுவிரல் வரைக்கும் போகுது. உக்காந்து எழுற ஸ்குவாட்டுக்கு பாரை முதுகுல கீழ இறக்கி வச்சுப் புடிக்கிறப்போதான் ரொம்ப மோசம், முடிச்சிட்டு வந்தா சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போய் கிடக்கு, உதறினா திரும்ப வருது. ராத்திரி தூக்கத்துலயும் வந்து எழுப்பி விடுது. பைக்ல முடோன் வரைக்கும் போயிட்டு வந்தாலும் அதேதான்.

மருந்துக்கடையில பி1 பி6 பி12 சேர்ந்த மாத்திரையும் வலி மாத்திரையும் குடுத்தாங்க, தினம் சாப்பிடுறேன். ஜிம்ல ஒருத்தர் முழங்கைக்கு டைட்டா ஸ்லீவ் மாட்டு, மணிக்கட்டுக்கு ராப் சுத்து, பழகிடும்ங்கறார். இன்னொருத்தர் ஆறு மாசம் வெயிட் பக்கமே போகாதேங்கறார். பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்குறதா வேற வேண்டிக்கிட்டிருக்கேன். யார் சொல்றதைக் கேக்குறதுன்னே தெரியல, இது மாதிரி வந்தவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

ரங்கூன் பிசியோ:

தம்பி, முதல்ல எந்த விரல்னு கவனிக்கணும், ஏன்னா நரம்பு எங்க மாட்டிக்கிட்டிருக்குன்னு விரல்தான் காட்டும். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்தா அது மீடியன் நரம்பு, மணிக்கட்டுல கார்ப்பல் டனல்ங்கிற குறுகலான வழியில அழுந்துது. சுண்டுவிரலும் மோதிர விரல்ல சுண்டுவிரல் பக்கத்துப் பாதியும்னா அல்நார் நரம்பு. முழங்கையை எங்கயாச்சும் இடிச்சா ஷாக் அடிக்குமே, அந்த நரம்புதான். அது முழங்கை எலும்புக்குப் பின்னாடி ஒரு சின்ன பள்ளத்துல தோலுக்கு அடியிலயே ஓடுது, கை மடங்க மடங்க அது இழுபட்டு அந்தப் பள்ளமும் குறுகிடும். உனக்கு ஸ்குவாட்லயும் தூக்கத்துலயும் வர்றதுக்குக் காரணமே முழங்கை ரொம்ப நேரம் மடங்கி இருக்கறதுதான்.

ஆனா அல்நார் மணிக்கட்டுலயும் மாட்டலாம், கயான் கால்வாய்னு உள்ளங்கை அடியில சுண்டுவிரல் பக்கம் ஒரு வழி இருக்கு, பைக் ஹேண்டிலை அழுத்திப் புடிக்கிறவங்களுக்கும் சைக்கிள் ஓட்டுறவங்களுக்கும் அங்கதான் அழுந்தும். ரெண்டையும் பிரிச்சுப் பார்க்க ஒரு வழி, புறங்கையில சுண்டுவிரல் பக்கத்துத் தோலைத் தடவிப் பாரு. அங்கயும் மரத்திருந்தா முழங்கையோ அதுக்கு மேலயோ, அங்க நல்லா உணர்ச்சி இருந்து விரல் மட்டும் மரத்திருந்தா மணிக்கட்டா இருக்க வாய்ப்பு அதிகம், ஏன்னா புறங்கைக்குப் போற கிளை மணிக்கட்டுக்கு முன்னாடியே பிரிஞ்சு போயிடும். முன்கை உள்பக்கமும் சேர்ந்து மரத்தா கழுத்துல பிரச்சனையான்னு பார்க்கணும்.

அடுத்து பலம். ஒரு பேப்பரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரல் பக்கவாட்டுக்கும் நடுவுல வச்சுக்கிட்டு இன்னொருத்தரை இழுக்கச் சொல்லு. கட்டைவிரல் நுனி மடங்கித்தான் பேப்பரைப் புடிக்க முடியுதுன்னா அல்நார் நரம்பு ஓட்டுற தசை தளர ஆரம்பிச்சிருக்கு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவுல புறங்கைச் சதை குழி விழுந்திருக்கா, ரெண்டு கையையும் பக்கத்துல வச்சுப் பாரு. இதுல ஏதாவது ஒண்ணு இருந்தாலும் இங்க கேட்டுக்கிட்டு இருக்காதே, நரம்பு டாக்டர்கிட்ட போய், நரம்புல சிக்னல் எப்படிப் போகுதுன்னு பார்க்குற கண்டக்‌ஷன் டெஸ்ட் எடு. வலி வந்து வந்து போறதைவிட, வலி இல்லாம பலம் குறையுறதுதான் எனக்கு பயம். நரம்பு திரும்ப வளர்ந்தா ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும், முழங்கையிலேர்ந்து உள்ளங்கைத் தசை வரைக்கும் அது போய்ச் சேர வருஷமே ஆகலாம், அதுக்குள்ள தசை கரைஞ்சிடும்.

அந்த மாத்திரை விஷயம். பி12 குறைவா இருந்தா சரி பண்ணணும், சர்க்கரையும் தைராய்டும் சேர்த்து ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துடு. ஆனா பி6 அதிக டோஸ்ல மாசக்கணக்கா சாப்பிட்டா அதுவே நரம்பைக் கெடுக்கும், கை கால் மரத்துத்தான் அதுவும் ஆரம்பிக்கும். அட்டையில எத்தனை மில்லிகிராம்னு பாரு, டாக்டரைக் கேக்காம தொடராதே.

பெகு லிஃப்டர்:

அக்கா சொன்னதெல்லாம் சரி, நான் ஜிம் பக்கத்தைச் சொல்றேன். எனக்கும் இதே கை இதே விரல்தான் தம்பி, நான் வெயிட்டை விடல, பாரைப் புடிக்கிற விதத்தைத்தான் மாத்தினேன்.

ஸ்குவாட்ல லோ பார், அதான் நீ பாரைக் கீழ இறக்கி வைக்கிறது, வேணாம், பாரை மேல கழுத்துக்குக் கீழ இருக்குற ட்ரேப்ஸ் தசை மேல ஏத்தி வை, கையை அகலமா வை, முழங்கை கூர்மையா மடங்காது. சில ஜிம்ல முன்னாடி கைப்பிடி வச்ச சேஃப்டி பார் இருக்கும், இருந்தா அதை எடுத்துக்கோ. பாரைத் தோளுக்கு முன்பக்கம் வைக்கிற ஃப்ரன்ட் ஸ்குவாட்ல மணிக்கட்டு பின்னாடி சாயுற பிடியை விட்டுட்டு பார்ல ஸ்ட்ராப் கட்டி அதைப் புடிச்சுக்கோ. பெஞ்ச்ல பார் விரல் பக்கம் போய் உக்காந்தா மணிக்கட்டு மல்லாந்து வளையும், கார்ப்பல் டனல்லயும் அழுத்தம் ஏறும், அதனால பாரை உள்ளங்கை அடிப்பகுதியில, முன்கை எலும்புக்கு நேர் மேல வச்சுப் புடி. அதுவும் வலிச்சா டம்பெல்லை எடுத்து உள்ளங்கை ஒண்ணையொண்ணு பார்க்குற மாதிரி அழுத்து. படுத்துக்கிட்டு பாரை நெத்திப் பக்கம் இறக்குற ஸ்கல் க்ரஷர், தலைக்குப் பின்னாடி இறக்குற ட்ரைசெப்ஸ், ரெண்டு கம்பியில கை ஊனி ஆழமா இறங்குற டிப்ஸ் மூணையும் இப்போதைக்கு விட்டுடு, முழங்கையை முழுசா மடக்கி வெயிட் போடுறதுல இதுங்கதான் முன்னாடி நிக்குது. மடக்கி நீட்டும்போது முழங்கை உள்பக்கம் டொக்குன்னு ஏதோ எலும்பைத் தாண்டுற மாதிரி இருந்தா சிலருக்கு நரம்பே தாண்டிக் குதிக்கும், அதை டாக்டர்கிட்ட சொல்லணும்.

டைட் ஸ்லீவ் கண்டிப்பா வேணாம். அது அந்தப் பள்ளத்து மேலயே அமுக்கும், ஏற்கனவே நெருக்கடில இருக்குற நரம்பு அது. ராப்பையும் ஹெவி செட்டுக்கு மட்டும் சுத்தி உடனே கழட்டு.

மோல்மீன் தம்பி:

ரொம்ப நன்றி. தடவிப் பார்த்தேன் அக்கா, புறங்கையிலயும் சுண்டுவிரல் பக்கம் மந்தமாத்தான் இருக்கு, அப்போ முழங்கைதான் போல. முன்கையில ஒண்ணும் இல்ல. பேப்பர் ரெண்டு கையிலயும் ஒரே மாதிரி நிக்குது, குழியும் தெரியல. தரையிலேர்ந்து பாரைத் தூக்குற டெட்லிஃப்ட் செய்யலாமா? காவடிக்கு என்ன பண்றது?

சிரியம் பாட்டி:

நான் நர்ஸா இருந்து ரிட்டையர் ஆனவ. பேரப்பிள்ளை காட்டினான், படிச்சேன், ஒண்ணு சொல்லணும்னு தோணுச்சு, பயப்படாதேப்பா. நம்ம நாட்டுல சுண்டுவிரல் மரத்துப்போனா முழங்கைக்குப் பின்னாடி அந்த நரம்பை விரலால உருட்டிப் பார்க்குற பழக்கம் எங்களுக்கு உண்டு. கயிறு மாதிரி தடிச்சு இருக்கா, உடம்புல எங்கயாச்சும் வெளுத்தோ சிவந்தோ உணர்ச்சி இல்லாத தேமல் இருக்கான்னு பார்ப்போம். தொழுநோய் இந்த நரம்பைத்தான் அடிக்கடி பிடிக்கும். 2003ல பர்மா பத்தாயிரம் பேருக்கு ஒருத்தருக்கும் கீழன்னு கொண்டு வந்தாச்சு, ஆனா அடியோட போகல. உனக்கு வெயிட் தூக்கினதாலதான் இருக்கும், இருந்தாலும் டாக்டரைப் பார்க்கும்போது இதையும் பார்க்கச் சொல்லு. அப்படியே இருந்தாலும் கூட்டு மருந்து இலவசம், முழுசா குணமாகும். வெக்கப்பட்டு மறைச்சு விரல் மடங்கிப்போனவங்களை நிறைய பார்த்திருக்கேன்ப்பா, அதான் சொல்றேன்.

ரங்கூன் பிசியோ:

பாட்டி சொன்னதை நான் முதல்லயே எழுதியிருக்கலாம், ரொம்ப முக்கியம்.

தம்பி, டெட்லிஃப்ட்ல முழங்கை நேரா இருக்கும், பெரும்பாலும் ஒத்துக்கும், பிடி தளர்ந்தா ஸ்ட்ராப் போட்டுக்கோ, செட் முடிஞ்சதும் மரத்தா அன்னைக்கு அதோட நிறுத்திடு. காவடி தோள்ல உக்காந்தாலும் அதைப் புடிச்சிருக்குற கை ஊர்வலம் முழுக்க மடங்கியே இருக்கும், பால்குடம்னாலும் அதேதான். அதனால தோள்ல நல்ல துணி மடிச்சு வச்சு எடையைத் தோளே தாங்குற மாதிரி கட்டச் சொல்லு, இடது கையால புடி, வலது கையைத் தொங்கவிட்டு நடு நடுவுல நீட்டி மடக்கு. கூட வர்ற அண்ணன் தம்பிகிட்டயும் முன்னாடியே சொல்லி வை.

ராத்திரிக்கு ஒரு டவலை முழங்கையில சுத்தி டேப் போட்டுக்கிட்டு படு, ரொம்ப இறுக்காம, கை முழுசா மடங்காம இருந்தா போதும். கையைத் தலைக்கடியில வச்சுப் படுக்காதே, கடை மேஜையில முழங்கையை ஊனி உக்காராதே, போனைக் காதுல வச்சு மணிக்கணக்கா பேசாதே. ஆறு வாரம் இப்படி இருந்தும் குறையலைன்னா, இல்ல அதுக்குள்ள பிடியில பலம் குறையுதுன்னு தோணினா, ரங்கூனுக்கு ஒரு தடவை வந்து டெஸ்ட் எடுத்துட்டுப் போ.

மோல்மீன் தம்பி:

சரிக்கா, ஸ்லீவைக் கழட்டிட்டேன். மாத்திரை அட்டையையும் எடுத்துக்கிட்டு திங்கக்கிழமை இங்க டாக்டரைப் பார்க்குறேன், தோல், நரம்பு ரெண்டையும் பார்க்கச் சொல்றேன் பாட்டி. என்ன சொல்றாங்கன்னு இங்கேயே எழுதுறேன்.