பத்து சென்ட் காவு: வெட்டாமல் காப்பாற்ற என்ன வழி?

தக்கலைக்காரன்:
குமரி மாவட்டம் தக்கலை பக்கம் எங்கள் குடும்பத்துக்கு ஒரு நாகர் காவு, அதாவது நாகரை வைத்துக் கும்பிடும் சின்னக் காடு, இருக்கிறது. பத்து சென்ட்தான். பெரிய ஏழிலைப்பாலை ஒன்று, காஞ்சிரம் இரண்டு, மீதி எல்லாம் சூரலும் பெயர் தெரியாத கொடிகளும். அம்மா இருந்தவரை ஆயில்யத்துக்கு விளக்கு வைப்பார், ஒரு சுள்ளியைக்கூட யாரும் ஒடிக்க மாட்டோம். இப்போது அண்ணன் எல்லாவற்றையும் வெட்டிச் சுத்தமாக்கி, நாகர் கல்லுக்கு மேடை கட்டி, சுற்றி டைல்ஸ் போடலாம் என்கிறார். வீட்டில் சின்னப் பிள்ளைகள், பாம்பு பயம், அதையும் தப்பு சொல்ல முடியவில்லை. போன வாரம் உள்ளே போய் நின்றேன். இந்த வெயிலிலும் சருகைக் காலால் விலக்கினால் அடியில் ஈரம், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு தவளை துள்ளிப் போனது. சுற்றிலும் ரப்பர்தான், இதுவும் போனால் அது எங்கே போகும்? அண்ணனிடம் என்ன சொல்வது?

மரச்சீனி அக்கா:
தம்பி, வெட்டாதீர்கள். நாங்கள் வெட்டினோம். அப்புறம் சாரைப்பாம்பைப் பார்க்கவே முடியவில்லை, எலி பெருகி மரச்சீனியை (மரவள்ளியை) கிழங்கோடு தோண்டித் தின்றது. பிள்ளைகள் பயம் நியாயமானதுதான், ஆனால் பாம்பு வீட்டுக்கு வருவது பெரும்பாலும் எலியைத் தேடித்தான். சுவரை ஒட்டிக் கிடக்கும் கதம்பை (தேங்காய் மட்டை), விறகு, பழைய ஓடு எல்லாவற்றையும் அகற்றுங்கள், காவுக்கும் வீட்டுக்கும் நடுவில் பத்தடி அகலத்துக்குச் சுத்தமாக வையுங்கள், இரவில் டார்ச் இல்லாமல் இறங்க வேண்டாம். உள்ளே சருகைப் பெருக்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது. ஈரத்தைப் பிடித்து வைப்பதே அந்தச் சருகுதான்.

தேரூர் வயல்:
அக்கா சொன்னது சரி. குளத்திலும் இதே கதைதான். சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் குளங்கள் இரண்டுக்கும் 2022-இல் ராம்சார் அங்கீகாரம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது, சந்தோஷம். ஆனால் ஊருக்கு ஊர் இருக்கிற சின்னக் குளங்களைக் கேட்க ஆளில்லை. கரையோரம் மண்ணடித்துத் தூர்க்கிறார்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி மீன் வளர்ப்பைத் தடை செய்து எத்தனையோ வருடமாகியும் திருட்டுத்தனமாக வளர்க்கிறார்கள், மழை வெள்ளத்தில் அது தப்பிக் குளத்துக்குள் வந்துவிட்டால் வரால் குஞ்சு, தவளை என்று எதையும் விடாது, காற்றையும் சுவாசிக்கும் என்பதால் சேற்றில்கூடப் பிழைத்துக்கொள்ளும். வாங்காமல் இருப்பது நம் கையில்தான் இருக்கிறது. அதேபோல் நம் ஊர் வாழை ரகமான மட்டிப் பழத்தைக் கேட்டு வாங்குங்கள். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனாலும் வாங்க ஆள் இருந்தால்தான் நாங்கள் கன்று வைப்போம், இல்லாவிட்டால் எல்லாரும் ஏத்தன் (நேந்திரன்) வாழைக்குப் போய்விடுவோம்.

குழித்துறை வாசகர்:
ஒரு வேலை செய்யுங்கள். 2002 பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அந்தக் குழு மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். காவில் உள்ள மரம், கொடி, பறவை எல்லாவற்றையும் போட்டோவோடு எழுதிக் கொடுத்து அதில் சேர்க்கச் சொல்லுங்கள். பதிவேட்டில் ஏறிவிட்டால் யாரும் வெட்ட முடியாது என்று நினைக்க வேண்டாம், பட்டா நிலத்தில் முடிவு குடும்பத்துடையதுதான். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதிய தாளைக் கையில் கொடுத்தால் அண்ணன் வேறு கண்ணோடு பார்ப்பார்.

தக்கலைக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. அண்ணனிடம் இதை அப்படியே வாசித்துக் காட்டினேன். டைல்ஸ் பேச்சை இப்போதைக்கு விட்டிருக்கிறார், வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து கதம்பைக் குவியலை அள்ளப் போகிறோம். மரம், கொடி அடையாளம் தெரிந்தவர்கள் பக்கத்தில் யாராவது இருந்தால் அன்றைக்கு வாருங்கள், மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்.