வெள்ளைப் புடைப்புப் படைப்பின் அச்சுப்படம்: எந்தச் சுவர், எந்தத் தாள், எந்தக் கண்ணாடி?

கோணமானி:
பிரிட்டிஷ் ஓவியர் பென் நிக்கல்சன் 1930களில் செய்த வெள்ளைப் புடைப்புகளின் (பலகையில் மேடும் குழியுமாகச் செய்த படைப்புகள்) பாணியில், வட்டமும் சதுரமும் மட்டுமே உள்ள ஒரு படைப்பின் புகைப்படக் கோப்பு இருக்கிறது. அச்சடிக்க முறையான அனுமதியும் உண்டு. 60 × 60 செ.மீ. அளவில் அச்சடித்து வரவேற்பறையில் மாட்ட வேண்டும். கோப்பு 4000 × 4000 பிக்சல். படத்தில் நிழல்கள் வலப்பக்கமும் கீழேயும் விழுகின்றன. சுவருக்கு வலப்பக்கம் பெரிய ஜன்னல். சாதாரண ஏ4 தாளில் அடித்துப் பார்த்தால் வெள்ளை முழுக்கத் தட்டையாக இருக்கிறது. ஜன்னல் பக்கம் வைத்தால் குழி மேடாகவும் மேடு குழியாகவும் தெரிகிறது. எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது?

சாய்வெளிச்சம்:
சுவரிலிருந்து தொடங்குங்கள். நிஜப் புடைப்பில் நிழல் அறை வெளிச்சத்தோடு நகரும். அச்சில் அது உறைந்துபோன ஒன்று. உங்கள் படத்தில் விளக்கு மேல் இடப்பக்கம் இருந்திருக்கிறது, உங்கள் ஜன்னலோ வலப்பக்கம். ஒளி எங்கிருந்து வருகிறது என்று மூளை ஒரு முடிவுக்கு வந்த பிறகுதான் எது குழி, எது மேடு என்று தீர்மானிக்கும். படத்து நிழல் ஒன்று சொல்ல, ஜன்னல் வேறொன்று சொன்னால் குழப்பம்தான். ஜன்னல் இடப்பக்கம் வரும் சுவர் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மாட்டும் முன் செல்போன் டார்ச்சை முதலில் இடப்பக்கமும் பிறகு வலப்பக்கமும் பிடித்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

கோப்பைக் கண்ணாடிபோல் இடவலம் திருப்ப வேண்டாம், அது வேறு படைப்பாகிவிடும். தலைகீழாக மாட்டினால் ஒளி கீழிருந்து வருவதாகி, மேடு குழியாகவும் குழி மேடாகவும் தெரியும். டச்சுக் கலைஞர் ஸ்கூன்ஹோவனின் கட்டங்கட்டமான வெள்ளைப் புடைப்புகளில் 90 பாகை திருப்பினால் யாருக்குத் தெரியும் என்று தோன்றும். ஆனால் எந்தப் பக்கம் மேல் என்பது கலைஞர் எடுத்த முடிவு.

இன்னொன்று. இந்த வகையில் எல்லாமே அச்சுக்கு ஒத்துவராது. அர்ஜென்டினக் கலைஞர் தொமசெல்லோ கனசதுரங்களின் பின்முகத்தில் வண்ணம் பூசியிருப்பார். வெள்ளைப் பலகையில் அதன் பிரதிபலிப்பு மட்டும் மங்கலாகப் படியும். வெனிசுவேலக் கலைஞர் குரூஸ் தியஸின் ‘ஃபிசியோகுரோமி’ வரிசை (1959 முதல்) பார்ப்பவர் நடக்க நடக்க நிறம் மாறும். அச்சில் கிடைப்பது ஒரே ஒரு கோணம். அவற்றுக்குப் பணம் செலவழிக்க மாட்டேன்.

பிக்மென்ட்மை:
தட்டையாகத் தெரிவதற்குத் தாள்தான் முதல் காரணம். ஏ4 அலுவலகத் தாளில் மை ஊறிப் பரவி, மென்சாம்பல் படிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள, பளபளப்பில்லாத மேட் பருத்தித் தாள், பிக்மென்ட் மை (நிறமித் துகள் கொண்ட மை) என்று கேளுங்கள். வெளுப்பேற்றும் ரசாயனம் சேர்க்காத தாளாக இருக்கட்டும். அந்த ரசாயனம் இருந்தால் தாள் ஜன்னல் வெளிச்சத்தில் நீலமாக மின்னும், விளக்கில் மின்னாது, நாளாவட்டத்தில் மஞ்சளிக்கும். இப்படி முழுக்க வெள்ளையான படத்தில் அதை மறைக்க இடமில்லை.

கோப்பில் செய்ய வேண்டியவை: 16 பிட் டிஃப் (TIFF) கோப்பாகவே வைத்திருங்கள், 8 பிட்டில் மெல்லிய நிழல் பட்டை பட்டையாக உடையும். மிகப் பிரகாசமான முகத்தின் வெளிச்ச அளவு (0 கறுப்பு, 255 வெள்ளை) 245-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த இடத்தில் மை ஏறக்குறைய விழாமல் வெறும் தாள் போலத் தெரியும். மேட் தாளில் கறுப்பு ஆழம் குறைவு, அதனால் நிழல் பகுதியை மட்டும் எடிட்டிங் மென்பொருளின் கர்வ் (Curves) கருவியில் கொஞ்சம் இறக்குங்கள். 60 செ.மீ.க்கு 4000 பிக்சல் என்றால் அங்குலத்துக்குச் சுமார் 169. ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று பார்க்கப் போதும். விளிம்புகளைக் கூர்மையாக்கும் ஷார்ப்பனிங்கை மட்டும் அடக்கி வாசியுங்கள். விளிம்போரம் வெள்ளைக் கோடு வந்தால் புடைப்பு காகிதத்தில் வெட்டி ஒட்டியதுபோல் ஆகிவிடும்.

முழு அளவு அடிக்கும் முன் மிக இருண்ட நிழலும் மிக வெளிச்சமான முகமும் வருமாறு 10 செ.மீ. பட்டை ஒன்று அடித்து, காய்ந்தபின் அதே சுவரில் பகலிலும் இரவிலும் பாருங்கள்.

கோணமானி:
நன்றி. ஜன்னல் இடப்பக்கம் வரும் சுவர் இருக்கிறது. ஆழமான பெட்டிச் சட்டத்தில், தாளைப் பின்பலகையிலிருந்து தூக்கி மிதப்பதுபோல் வைத்தால் புடைப்பு இன்னும் எடுப்பாகத் தெரியுமா?

நாலுமூலை:
தெரியாது, கெடும். தாளின் விளிம்பு பின்பலகையில் நிஜ நிழல் போடும். பக்கத்திலேயே அச்சிட்ட நிழல். நிஜத்துக்குப் பக்கத்தில் போலி தோற்றுவிடும். தடித்த மவுன்ட் போர்டின் (படத்தைச் சுற்றி வரும் அட்டை) சாய்வெட்டுக்கும் இதே கதைதான். சுமார் 1.4 மி.மீ. போர்டு, மங்கல் வெள்ளை, நாலு பக்கமும் 7 செ.மீ., மெல்லிய சட்டம் போதும்.

சாதாரணக் கண்ணாடி இரு பரப்பிலுமாகச் சுமார் 8 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும், போதாததற்கு லேசான பச்சைச் சாயல் வேறு. பூச்சுள்ள எதிரொளி குறைந்த கண்ணாடி வாங்குங்கள். சொரசொரப்பான மேட் கண்ணாடி வேண்டாம், மென்சாம்பலை அது பால்படிந்ததுபோல் ஆக்கும். கண்ணாடி தாளில் படக் கூடாது, மவுன்ட் போர்டே அந்த இடைவெளியைத் தரும். தாளை மேல்விளிம்பில் மட்டும் இரண்டு ஜப்பானியத் தாள் கீல்களால், மாவுப்பசை கொண்டு தொங்கவிடுங்கள். சுற்றிலும் டேப் ஒட்டினால் ஈரப்பதத்தில் விரிய இடமில்லாமல் தாள் அலையலையாகும்.

விளக்கு: கூரையில் சற்று இடப்பக்கம் தள்ளி, செங்குத்துக்கு 30 பாகை சாய்வில், நிறத் துல்லியம் (CRI) 90-க்கு மேல். சுவரோடு ஒட்டி உரசி வரும் ஒளி நிஜப் புடைப்புக்கு அருமை, அச்சில் அது தாளின் நெளிவைத்தான் காட்டிக்கொடுக்கும்.

படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் வரட்டும். ஒற்றை ஆணி வேண்டாம். 60 செ.மீ. அகலத்தில் ஒரு பாகை சாய்ந்தாலே ஒரு முனை மறுமுனையைவிடச் சுமார் 1 செ.மீ. இறங்கிவிடும், படத்துக்குள் இருக்கும் நேர்கோடுகள் அதைப் பெரிதாக்கிக் காட்டும். இரண்டு கொக்கிகள், ரசமட்டம், கீழ்மூலைகளில் ரப்பர் பொட்டுகள். பொட்டு சட்டத்தை நகரவிடாது, பின்னால் காற்றும் போகும்.